பாதை எங்கே அறுகிறது?

தென் ஸ்பெயினில் குவாதல்கிவிர் ஆற்றங்கரையில் இருக்கிறது செவீயா. சுமார் ஏழு லட்சம் பேர் வாழும் நகரம். கோடையில் வெயில் 40 டிகிரியைத் தாண்டுவது அங்கே செய்தியே இல்லை. இருபது ஆண்டுகளுக்கு முன் அந்த ஊர்க்காரர்கள் வேலைக்கும் கடைக்கும் காரிலும் ஸ்கூட்டரிலும்தான் போய்வந்தார்கள். நகரத்துக்குள் நடக்கும் பயணங்களில் சைக்கிளின் பங்கு ஒரு சதவீதத்தைக்கூட எட்டவில்லை.

2006இல் நகராட்சி வேலையைத் தொடங்கியது. முதல் 80 கிலோமீட்டர் சைக்கிள் பாதையை ஒரே மூச்சில் போட்டார்கள். 2010க்குள் அது 120 கிலோமீட்டர் ஆனது. 2011 வாக்கில் நாளொன்றுக்கு 70,000க்கும் அதிகமான சைக்கிள் பயணங்கள் அங்கே நடந்துகொண்டிருந்தன. ஐந்தே ஆண்டில் பல மடங்கு.

சைக்கிளைப் பற்றிப் பேச்சு வந்தால் நம் ஊரில் உடனே சில பதில்கள் வரும். வெயில் தாங்காது. கார் வாங்கினால்தான் மரியாதை. ஹாலந்துக்காரர்களுக்கு அது பரம்பரைப் பழக்கம், நமக்கு ஒத்துவராது. செவீயாவிலும் இதே வெயில், இதே கார் மோகம் இருந்தன, பரம்பரைப் பழக்கம் என்று சொல்ல எதுவும் இல்லை. இவற்றில் எதுவும் ஐந்து ஆண்டில் மாறிவிடவில்லை. மாறியது தரை மட்டும்தான். அந்தத் தரையில் என்ன செய்தார்கள், அது ஏன் வேலை செய்தது என்பதற்கு இயற்பியலும் கணிதமும் தெளிவான விடை தருகின்றன.

முதலில் பயத்தைப் பார்ப்போம். சைக்கிள் ஓட்டத் தெரிந்தும் ஓட்டாதவர்களிடம் காரணம் கேட்டால், சுற்றி வளைத்துக் கடைசியில் பயத்தில்தான் வந்து நிற்பார்கள். அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரில் சைக்கிள் திட்டங்களுக்குப் பொறுப்பாக இருந்த ரோஜர் கெல்லர், தன் ஊர் மக்களை நான்கு வகையாகப் பிரித்தார். எந்தச் சாலையிலும் துணிந்து ஓட்டுபவர்கள் ஒரு சதவீதத்துக்கும் கீழே. கோடு போட்ட பாதை இருந்தால் ஓட்டுவோம் என்பவர்கள் 7 சதவீதம். எப்போதும் ஓட்டவே மாட்டோம் என்பவர்கள் மூன்றில் ஒரு பங்கு. மீதி 60 சதவீதத்துக்கு ஆசை இருக்கிறது, பயமும் இருக்கிறது. இது கெல்லரின் அனுபவ மதிப்பீடு. பின்னாளில் போர்ட்லண்ட் மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஜெனிஃபர் டில் ஆய்வு நடத்திப் பார்த்தபோதும், பாதிக்கு மேற்பட்டவர்கள் இந்த ஆசையும் பயமும் கலந்த கூட்டத்தில்தான் இருந்தார்கள்.

அந்தப் பயத்தைக் கோழைத்தனம் என்று ஒதுக்குவது தவறு. அது சரியான கணக்கு. சைக்கிளும் ஆளுமாக 85 கிலோ எடை, மணிக்கு 15 கிலோமீட்டர் வேகம் என்று வைத்துக்கொள்வோம். இயக்க ஆற்றல் ஏறத்தாழ 740 ஜூல். பக்கத்தில் 12 டன் பேருந்து 40 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறது. அதன் இயக்க ஆற்றல் 7,40,000 ஜூல். ஏறத்தாழ ஆயிரம் மடங்கு. இவை இரண்டையும் பிரிப்பது தரையில் பூசிய ஒரு வெள்ளைக் கோடு என்றால், ஓட்டுபவரின் உடல் அதை நம்ப மறுப்பது இயல்பு.

இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தில் ஏறுகிறது என்பது பள்ளிப் பாடம். சாலையில் அதன் பொருள் இன்னும் கடுமையானது. ஒரு குழந்தை திடீரென்று 14 மீட்டர் முன்னால் குறுக்கே வருகிறது. கார் ஓட்டுநர் கண்டு, உணர்ந்து, பிரேக்கை மிதிக்க ஒரு விநாடி ஆகும். மணிக்கு 30 கிலோமீட்டரில் வரும் கார் அந்த ஒரு விநாடியில் 8 மீட்டர் கடக்கும், பிரேக் பிடித்தபின் இன்னும் 5 மீட்டரில் நிற்கும். குழந்தைக்கு முன்னால் நின்றுவிடும். 50 கிலோமீட்டரில் வரும் கார் அதே ஒரு விநாடியில் 14 மீட்டரைக் கடந்திருக்கும். பிரேக் பிடிக்கத் தொடங்கும் முன்பே, முழு வேகத்தில் மோதிவிடும். ஓட்டுநர் அதே ஆள், கார் அதே கார், பிரேக் அதே பிரேக். இருபது கிலோமீட்டர் வித்தியாசம், ஒரு உயிர்.

ஆகவே பொறியாளர்களுக்கு முன்னால் இரண்டே வழிகள். ஒன்று, வேகத்தை 30க்குக் கொண்டுவந்து எல்லோரையும் ஒரே தெருவில் விடுவது. இது குடியிருப்புத் தெருக்களுக்குப் பொருந்தும். மற்றொன்று, வேகத்தைக் குறைக்க முடியாத பெரிய சாலைகளில் ஓரக்கல்லோ கட்டையோ வைத்துச் சைக்கிளைத் தனியே பிரித்துவிடுவது. மூன்றாவதாகப் பெயின்ட் அடிப்பதை நான் வழியாகவே கருதுவதில்லை. கோடு வாகனத்தை நிறுத்தாது. நம் ஊரில் அந்தக் கோட்டின் மேல் கார் நிறுத்தப்பட்டிருப்பதை எல்லோரும் பார்த்திருக்கிறோம்.

இந்த இடத்தில்தான் செவீயாவின் உண்மையான பாடம் வருகிறது. 2006க்கு முன்பும் அங்கே சைக்கிள் பாதை இருந்தது. ஒரு பூங்காவை ஒட்டிக் கொஞ்சம், ஒரு புதிய சாலை ஓரம் கொஞ்சம் என்று துண்டு துண்டாக இருந்தது. யாரும் அதில் போகவில்லை. "பாதை போட்டோம், பயன்படுத்த ஆளில்லை" என்று எந்த ஊர் அதிகாரியும் சொல்லத்தக்க நிலைமைதான்.

துண்டுகள் ஏன் தோற்கின்றன என்பதை அமெரிக்கப் பொறியியல் பேராசிரியர் பீட்டர் ஃபர்த்தும் சக ஆய்வாளர்களும் 2012இல் கலிபோர்னியாவின் சான் ஹோசே நகரை வைத்து அளந்து காட்டினார்கள். காருக்காகவே கட்டப்பட்ட ஊர் அது. ஒவ்வொரு தெருவையும், அதில் சைக்கிள் ஓட்டுபவருக்கு ஏற்படும் பதற்றத்தின் அளவுப்படி நான்கு படிகளாகப் பிரித்தார்கள். முதல் படி குழந்தைகளும் போகக்கூடியது. இரண்டாம் படி பெரும்பாலான பெரியவர்கள் தாங்கக்கூடியது. மூன்றும் நான்கும் துணிந்தவர்களுக்கு மட்டும். அவர்கள் வகுத்த ஒரு விதி எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. ஒரு பயணத்தின் பதற்றத்தை அளக்கச் சராசரி எடுக்கக் கூடாது, அந்த வழியின் மிக மோசமான துண்டு எதுவோ அதுவே முழுப் பயணத்தின் மதிப்பெண்.

நான்கு கிலோமீட்டர் வழியில் 3,900 மீட்டர் நிழல் தெருவாக இருக்கலாம். நடுவில் நூறு மீட்டர் ஆறுவழிச் சாலையைக் குறுக்கே கடக்க வேண்டியிருந்தால், ஓர் அம்மா தன் பன்னிரண்டு வயது மகளை அனுப்ப மாட்டாள். தெருக்குழாய் வரிசையில் ஓரிடத்தில் ஒரு முழம் பைப் போடாமல் விட்டால், மற்ற இடத்தில் எத்தனை கிலோமீட்டர் பதித்திருந்தாலும் வீட்டுக்குத் தண்ணீர் வராது. அதுபோலத்தான் இதுவும்.

சான் ஹோசேயின் பெரும்பாலான தெருக்கள் அமைதியானவை. ஆனால் அந்த அமைதியான தெருக்கள், பெரிய சாலைகளால் சூழப்பட்ட தீவுகளாக நின்றன. தீவுக்குள் சுற்றலாம், வெளியே போக முடியாது. வேலைக்குச் செல்லும் பயணங்களில் இரண்டாம் படிக்குள்ளேயே முழுதாகச் சென்று சேரக்கூடியவை வெறும் 4.7 சதவீதம் என்று கணக்கு காட்டியது. குறிப்பிட்ட சில இடைவெளிகளை மட்டும் நிரப்பினால் அது 12.7 சதவீதமாக ஏறும் என்றும் அதே கணக்கு காட்டியது.

சிறிய எண்களை வைத்து இதை நாமே போட்டுப் பார்க்கலாம். ஒரு நகரத்தில் பத்துப் பேட்டைகள். அவற்றை இரண்டிரண்டாக இணைத்து ஐந்து பாதைகள் போடுகிறோம். பாதுகாப்பாகப் போய்வரக்கூடிய பேட்டை இணைகள் ஐந்து மட்டுமே. இப்போது அந்த ஐந்து துண்டுகளையும் கோர்க்க இன்னும் நான்கு பாதைகள் போடுகிறோம். பத்துப் பேட்டையும் ஒன்றோடொன்று சேர்ந்துவிடுகின்றன. இப்போது சாத்தியமான இணைகள் 45. போட்ட பாதை இருமடங்குகூட ஆகவில்லை, பயன் ஒன்பது மடங்கு. கடைசியில் போட்ட நான்கு பாதைகள், முதலில் போட்ட ஐந்துக்கும் உயிர் கொடுத்துவிட்டன. முதல் ஐந்தோடு நிறுத்திவிட்டு ஆள் வரவில்லை என்று மூடிய நகரங்கள் உலகத்தில் எத்தனையோ.

நெதர்லாந்தே இந்தத் தவற்றைச் செய்து கற்றுக்கொண்ட நாடு. இன்று அதைச் சைக்கிள் தேசம் என்கிறோம். 1960களில் அங்கேயும் கால்வாயைத் தூர்த்துச் சாலை போட்டார்கள், சதுக்கங்களைக் கார் நிறுத்தமாக்கினார்கள். 1970களின் தொடக்கத்தில் ஆண்டுக்கு 3,000க்கும் அதிகமானோர் சாலையில் மாண்டார்கள். அவர்களில் 400க்கும் மேற்பட்டவர்கள் குழந்தைகள். பெற்றோர்கள் தெருவில் இறங்கி "குழந்தைக் கொலையை நிறுத்து" என்ற பெயரிலேயே இயக்கம் நடத்தினார்கள். 1973இன் எண்ணெய் நெருக்கடியும் சேர்ந்துகொள்ள, அரசு அசைந்தது. டில்பர்க், தி ஹேக் ஆகிய இரு நகரங்களில் மாதிரிக்காக ஊருக்கொரு அருமையான சைக்கிள் வழியை அமைத்தது. அகலமானது, வண்ணம் பூசியது, சந்திப்புகளில் முன்னுரிமை உள்ளது. ஓட்டியவர்களுக்குப் பிடித்திருந்தது. ஆனால் நகரத்தில் மொத்தமாகச் சைக்கிள் ஓட்டுவோர் எண்ணிக்கை சொல்லும்படி ஏறவில்லை. பக்கத்துத் தெருக்களில் ஓட்டிக்கொண்டிருந்தவர்கள் புது வழிக்கு மாறிவந்தார்கள், அவ்வளவுதான்.

அடுத்த முயற்சியாக டெல்ஃப்ட் நகரத்தை எடுத்தார்கள். இந்த முறை ஒரு சாலையை அழகுபடுத்தவில்லை. ஊர் முழுவதற்கும் வலை பின்னினார்கள். நகர அளவில் சுமார் 500 மீட்டருக்கு ஒரு பெரிய வழி, பேட்டை அளவில் 200 முதல் 300 மீட்டருக்கு ஒன்று, தெரு அளவில் 100 முதல் 150 மீட்டருக்கு ஒன்று. செலவில் பெரும்பகுதி கண்ணைக் கவரும் வேலைக்குப் போகவில்லை. கால்வாய் மேல் ஒரு சிறு பாலம், ரயில் பாதைக்கடியில் ஒரு சுரங்கவழி, முட்டுச் சந்தைத் திறந்துவிடும் ஒரு வாசல் என்று அறுபட்ட இடங்களைக் கோர்க்கத்தான் போனது. ஏற்கெனவே அதிகமாக இருந்த சைக்கிள் பங்கு அங்கே மேலும் ஏறியது. அதன் பிறகுதான் டச்சுத் திட்டமிடலில் வலை என்பது அடிப்படை விதியானது.

செவீயாவில் இந்த விதியை மேசைக்குக் கொண்டுவந்தவர்களில் ஒருவர் ரிக்கார்டோ மார்க்கேஸ். செவீயா பல்கலைக்கழகத்தில் மின்காந்த அலைகளை ஆராயும் இயற்பியல் பேராசிரியர், அதோடு அந்த ஊர்ச் சைக்கிள் இயக்கத்தின் நெடுநாள் தொண்டர். அந்த இயக்கம் ஆண்டுக்கணக்கில் ஊர்வலம் நடத்திக் கேட்டதை, சோஷலிஸ்ட் கட்சியும் ஐக்கிய இடதுசாரி அணியும் சேர்ந்து நடத்திய நகராட்சி ஏற்றுக்கொண்டது. மானுவேல் கால்வோ வடிவமைத்த திட்டத்தில் வீடு, பள்ளி, பல்கலைக்கழகம், மருத்துவமனை, சந்தை எல்லாம் முதல் நாளிலிருந்தே ஒன்றோடொன்று சேர்ந்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. இருவழிப் பாதை, சுமார் இரண்டரை மீட்டர் அகலம், பச்சை நிறம், காருக்கும் சைக்கிளுக்கும் நடுவே உறுதியான தடுப்பு. இடம் எங்கிருந்து கிடைத்தது? சாலை ஓரத்தில் கார் நிறுத்திவந்த சுமார் 5,000 இடங்களை எடுத்துக்கொண்டார்கள். செலவு ஏறத்தாழ 3.2 கோடி யூரோ. ஒரு பெரிய நகரம் மேம்பாலங்களுக்குச் செலவிடுவதோடு ஒப்பிட்டால் இது சிறிய தொகை.

குறைகளும் உண்டு. இரண்டரை மீட்டரில் இரு திசையும் என்பது குறுகல். பல இடங்களில் பாதை நடைபாதையைக் கடித்துக்கொண்டு போகிறது, அதனால் நடப்பவர்களுக்கு மனக்குறை. அதை நியாயமான குறை என்றே நான் நினைக்கிறேன். காரிடமிருந்து எடுக்க வேண்டியதை நடப்பவரிடமிருந்து எடுக்கக் கூடாது. ஆனாலும் மார்க்கேஸும் சக ஆய்வாளரும் பின்னர் விபத்துக் கணக்கைப் பரிசோதித்தபோது, வலை முழுமையடைந்த காலத்தை ஒட்டி ஒரு சைக்கிள் பயணத்துக்கான ஆபத்து கணிசமாக இறங்கியிருந்ததைக் கண்டார்கள். ஆட்கள் கூடினார்கள், ஆளுக்கான ஆபத்து குறைந்தது.

பாதையைவிடக் கடினமானது சந்திப்பு. நகரத்தில் சைக்கிள் விபத்துகளில் பெரும்பங்கு அங்கேதான் நடக்கிறது. நம் ஊர்க் கணக்கில் சொன்னால், நேராகப் போகும் சைக்கிளை இடப்புறம் திரும்பும் லாரி அடிப்பது மிகக் கொடிய வகை. லாரி ஓட்டுநர் தவறே செய்யாவிட்டாலும், பக்கத்தில் ஒட்டி நிற்கும் சைக்கிள் அவர் கண்ணாடியில் தெரியாத பகுதியில் மறைந்திருக்கும். டச்சுப் பொறியாளர்கள் இதற்குக் கண்ட தீர்வு வடிவியல் சார்ந்தது. முனையில் ஒரு சிறு கல் திட்டு வைக்கிறார்கள். அதனால் திரும்பும் வண்டி அகன்று வளைய முடியாது, வேகத்தைக் குறைத்துத்தான் ஆக வேண்டும். சைக்கிள் குறுக்கே கடக்கும் இடத்தை முனையிலிருந்து ஏறக்குறைய ஒரு காரின் நீளம் பின்னுக்குத் தள்ளுகிறார்கள். வண்டி முக்கால்வாசி திரும்பிய பிறகே சைக்கிள் வழியைச் சந்திக்கும். அந்தக் கணத்தில் சைக்கிள், வண்டி ஓட்டுநரின் பக்கக் கண்ணாடியில் இல்லை, முன் கண்ணாடி வழியே நேராகத் தெரிகிறது. அந்த ஒரு கார் நீள இடைவெளியில் திரும்பிய வண்டி நின்று வழிவிடலாம், பின்னால் வருபவர்கள் ஹார்ன் அடிக்கக் காரணமில்லை. பெரிய சந்திப்பில் சைக்கிளுக்குத் தனி சிக்னல் கொடுத்து, திரும்பும் வண்டிகளைச் சிவப்பில் நிறுத்திவிடுகிறார்கள். ஒரு நகரம் சைக்கிளை மதிக்கிறதா என்று அறிய அதன் பாதைகளைப் பார்க்க வேண்டாம், சந்திப்புகளைப் பார்த்தால் போதும். பச்சை வண்ணப் பாதை சந்திப்புக்கு முப்பது மீட்டர் முன்பே மறைந்துவிடுகிறது என்றால், மிகவும் தேவைப்படும் இடத்தில் கைவிட்டுவிட்டார்கள் என்று பொருள்.

வெயிலுக்கு வருகிறேன், ஏனென்றால் நம் வாசகர்களுக்கு இதுதான் முதல் கேள்வி. சமதரையில் நிமிர்ந்து உட்கார்ந்து மணிக்கு 15 கிலோமீட்டரில் சாதாரண சைக்கிளை ஓட்டக் காலில் தேவைப்படும் திறன் சுமார் 50 வாட். வேகமாக நடப்பதற்கு ஆகும் உழைப்பை ஒட்டியதுதான் இது, ஆனால் தூரம் மூன்று மடங்கு. வேகத்தை 25க்கு ஏற்றினால் காற்றின் தடை குறுக்கே வருகிறது. காற்றைக் கிழிக்க வேண்டிய திறன் வேகத்தின் கனத்தில் ஏறும். தேவை 150 வாட்டைத் தாண்டிவிடும். நம் தசைகள் எரிக்கும் ஆற்றலில் கால்பங்குதான் மிதிப்பதற்குப் போகிறது, முக்கால் பங்கு உடம்பில் வெப்பமாகிறது. ஆக, 50 வாட் மிதிக்கும்போது 150 வாட் வெப்பம். 150 வாட் மிதிக்கும்போது 450. சட்டை நனைவது இரண்டாவது நிலையில்.

இதில் பலரும் கவனிக்காத ஒன்று இருக்கிறது. யாரும் ஆசைப்பட்டு 25இல் மிதிப்பதில்லை. பின்னால் பேருந்து ஹார்ன் அடிக்கிறது, பக்கத்தில் ஆட்டோ உரசுகிறது, அதனால் உயிருக்குப் பயந்து மிதிக்கிறோம். வியர்வையில் ஒரு பங்கு வெயில் கொடுத்தது, ஒரு பங்கு பயம் கொடுத்தது. தனிப் பாதையில் நிதானமாகப் போகலாம், யாரும் விரட்டுவதில்லை. ஓட்டும்போது 15 கிலோமீட்டர் வேகக் காற்று வியர்வையை ஆவியாக்கிக்கொண்டே இருக்கும், ஒரு லிட்டர் வியர்வை ஆவியாகும்போது உடம்பிலிருந்து சுமார் 24 லட்சம் ஜூல் வெப்பத்தை எடுத்துச் செல்லும். சிக்னலில் நின்றால் அந்தக் காற்று நின்றுவிடும். ஆகவே வெயில் ஊர்களில் மரநிழல் முதலில் வர வேண்டிய இடம் சந்திப்பு. காத்திருக்கும் இடத்தில் ஒரு புங்கமரம் இருந்தால் பயணமே வேறு.

செவீயாவின் வெப்பம் வறண்டது, சென்னையின் வெப்பம் ஈரமானது. கடற்கரை ஊரில் காற்றில் ஏற்கெனவே நீராவி நிறைந்திருப்பதால் வியர்வை எளிதில் ஆவியாகாது. மே மாத உச்சிவேளையில் பத்துக் கிலோமீட்டர் மிதிக்கச் சொல்லி யாரையும் கேட்க முடியாது, கேட்கவும் கூடாது. ஆனால் பள்ளிக்கும் அலுவலகத்துக்கும் காய்கறிக் கடைக்கும் நாம் போவது பெரும்பாலும் காலையிலும் மாலையிலும். தூரமும் பயமுறுத்தும் அளவு இல்லை. தூரங்கள் நீண்ட அமெரிக்காவிலேயே ஏறத்தாழ பாதிப் பயணங்கள் ஐந்து கிலோமீட்டருக்குள் முடிந்துவிடுகின்றன. முட்டிவலி உள்ளவருக்கும் மேட்டில் வீடு உள்ளவருக்கும் பேட்டரி சைக்கிள் வந்துவிட்டது.

போய்ச் சேர்ந்த இடத்தில் சைக்கிளைச் சட்டகத்தோடு பூட்ட ஒரு உறுதியான கம்பி, மழைக்கு ஒரு கூரை, அடுக்குமாடி வீடுகளில் தரைத்தளத்தில் ஓர் இடம். இவை சின்னச் சின்ன விஷயங்களாகத் தோன்றினாலும், திருட்டுப் போன ஒரு சைக்கிள் ஒருவரை நிரந்தரமாகப் பைக்குக்குத் திருப்பிவிடும்.

செவீயாவின் கதை முழு வெற்றிக் கதை என்றும் சொல்ல முடியாது. 2011இல் நகராட்சியில் ஆட்சி மாறியது, வலையை விரிக்கும் வேகம் குறைந்தது, சைக்கிள் பயணங்களும் ஓரளவு இறங்கின. பாதையை விரித்துக்கொண்டே இருந்தால்தான் ஆட்கள் கூடிக்கொண்டே வருவார்கள் என்பதையும் அந்த ஊர் காட்டியிருக்கிறது.

சென்னை மாநகராட்சி 2014இலேயே நடப்பவர்களுக்கும் சைக்கிளில் போகிறவர்களுக்கும் முன்னுரிமை தரும் கொள்கையை ஏற்றுக்கொண்டது. அதற்கும் முன்பே, 1990களின் தொடக்கத்தில், புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கத்தின்போது பெண்கள் பெருந்திரளாகச் சைக்கிள் கற்றுக்கொண்டு உலகத்தைத் திரும்பிப் பார்க்க வைத்தார்கள். ஆண்டுதோறும் தமிழக அரசு 11ஆம் வகுப்பு மாணவர்களுக்கு விலையில்லாச் சைக்கிள் தருகிறது. கொள்கை இருக்கிறது, ஓட்டத் தெரிந்த கால்கள் இருக்கின்றன, சைக்கிளும் வீட்டு வாசலுக்கே வருகிறது. அந்தச் சைக்கிள் வாங்கிய மாணவி பள்ளிவரை அறுபடாமல் போக ஒரு பாதை மட்டும் இல்லை.

ஆகவே உங்கள் வட்டாரத்தில் சைக்கிள் பாதை வருகிறது என்று அறிவிப்பு வந்தால், எத்தனை கிலோமீட்டர் என்று கேட்காதீர்கள். அது எந்தப் பள்ளியை எந்தத் தெருவோடு சேர்க்கிறது, எந்தச் சந்திப்பில் அறுகிறது என்று கேளுங்கள். உங்கள் வீட்டிலிருந்து பிள்ளையின் பள்ளிவரை ஒருநாள் நடந்து பாருங்கள். ஒரு குழந்தையைத் தனியே விட மனம் வராத இடங்களை ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். அநேகமாக இரண்டோ மூன்றோ இடங்கள்தான் தேறும். அக்கம்பக்கத்துப் பெற்றோரின் கையெழுத்தோடு அந்தத் தாளை உங்கள் வார்டு கவுன்சிலரிடம் கொடுங்கள்.